ஸ்விம்மிங் பூல் அடியில திரும்பத் திரும்பப் படியிற மண்டி: எல்லாரும் கேக்குற கேள்விகள்

சிங்கப்பூர்ல தரைவீட்டு பூல் வேலை பாத்துப் பதினாலு வருஷம் ஓடிருச்சு. நைட்டு பதினோரு மணிக்கு வாட்ஸாப்ல ஒரு போட்டோ வரும், நீலத் தண்ணிக்கு அடியில ஒரு பழுப்புத் திட்டு, கீழ ஒரே வரி, "அண்ணே நேத்துதானே கிளீன் பண்ணிட்டுப் போனீங்க?" இதுக்கே பதில் டைப் அடிச்சு அடிச்சு அலுத்துப்போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிப் போடுறேன். கணக்கு வர்ற இடத்துல எல்லாம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.3 மீட்டர் ஆழம்னு ஒரு சாதா வீட்டு பூல வெச்சுக்குவோம், சுமார் 42 கன மீட்டர் தண்ணி. உங்க பூல் பெருசுன்னா அதுக்கேத்த மாதிரி கூட்டிக்கோங்க.

நேத்து வேக்கம் போட்டு அடி அழுக்க உறிஞ்சி எடுத்தோம், இன்னைக்குக் காலையில மறுபடி அதே அழுக்கு. எப்படி?

மூணுல ஒண்ணுதான். வெளியிலேருந்து புதுசா வருது, இல்ல நீங்க எடுத்த அழுக்கே ஃபில்டர் வழியா சுத்தி திரும்ப வருது, இல்ல தண்ணிக்குள்ளயே உண்டாகுது. மூணுக்கும் வைத்தியம் வேற வேற, ஆனா முக்கால்வாசிப் பேரு முதல் வேலையா கடைக்குப் போயி பாசியக் கொல்ற ஆல்கிசைட் ஒரு பாட்டில், தண்ணியத் தெளிய வெக்கிற கிளாரிஃபையர் ஒரு பாட்டில்னு வாங்கி ஊத்திடுறாங்க. ஊத்துனதுக்கு அப்புறம் என்னக் கூப்பிட்டா நான் பாக்குறது அழுக்கையா, நீங்க ஊத்துன மருந்து பண்ணுன வேலையான்னு எனக்கே தெரியாது. அதனால முதல் ரெண்டு நாளு ஒண்ணுமே போடாதீங்க, சும்மா பாருங்க.

சும்மா பாக்குறதுன்னா என்னத்தப் பாக்குறது?

எங்க கெடக்கு, எப்ப வருது, கையில எடுத்தா எப்படி இருக்கு.

எங்கன்னா, தண்ணி உள்ள வர்ற ரிட்டர்ன் ஓட்டைக்கு நேர் கீழ விசிறி மாதிரி கெடந்தா அது ஃபில்டர்லேருந்து வருது. ஏணிக்குப் பின்னாடி, படிக்கட்டு மூலை, வெயில் படாத சுவரு, இங்க மட்டும் இருந்தா பாசின்னு சந்தேகப்படுங்க. செடிப் பாத்தி இருக்குற பக்கம் மட்டும்னா மழை கொண்டாந்த மண்ணு. பூல் முழுக்க ஒரே மாதிரி மெல்லிசா மாவு தூவுன மாதிரி இருந்தா காத்துல வந்த தூசி, இல்ல தண்ணியிலேருந்தே பிரிஞ்சு விழுந்த சுண்ணாம்பு. நடுவுல ஒரே ஒரு குவியல்னா பயப்பட வேணாம், அங்க தண்ணி ஓட்டம் கம்மி, எல்லாத் தூசியும் அங்க போயி உக்காந்துக்கும்.

எப்பன்னா, பம்ப் ஓட ஆரம்பிச்ச உடனேவா, மழை பெஞ்ச மறுநாளா, ஒண்ணும் இல்லாமலே தினமுமா. இதுக்காக ஒரு நாள் காலையில பம்ப் டைமர் ஆன் ஆகுறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி காப்பிய எடுத்துக்கிட்டுப் பூல் ஓரமா உக்காருங்க. அந்த அஞ்சு நிமிஷம் பத்து டெஸ்ட்டுக்குச் சமம்.

கையிலன்னா, ஒரு வெள்ளைக் கப்புல கொஞ்சம் அள்ளிட்டு வந்து ரெண்டு விரலுக்கு நடுவுல தேச்சுப் பாருங்க. நறநறன்னா மணல். வழுவழுன்னு விரல்ல பச்சையோ மஞ்சளோ ஒட்டுனா பாசி. பவுடர் மாதிரி வெள்ளையா இருந்தா ஒரு கிளாஸ்ல போட்டு வினிகர் ஊத்துங்க, புசுபுசுன்னு நுரைச்சா சுண்ணாம்பு, நுரைக்காம அப்படியே கெடந்தா மணலோ மண்ணோ. பாசியான்னு இன்னும் சந்தேகம்னா வேற ஒரு கிளாஸ்ல கொஞ்சம் லிக்விட் குளோரின் ஊத்திப் பாருங்க, பாசின்னா கொஞ்ச நேரத்துல நிறம் வெளுத்துரும், மண்ணுன்னா அப்படியே இருக்கும். வேற கிளாஸ்னு சொன்னத கவனிங்க, வினிகர் இருக்குற கிளாஸ்லயே குளோரின ஊத்தினா குளோரின் வாயு கெளம்பும், மூக்குக்குக் கிட்ட வெச்சுப் பாத்துக்கிட்டு இருப்பீங்க, அப்பறம் பூலப் பத்தி நினைக்க மாட்டீங்க.

ஸ்டாக்கிங் டெஸ்ட்னு ஒருத்தர் சொன்னாரு, விளையாட்டா?

விளையாட்டு இல்லங்க. சிராங்கூன் கார்டன் பக்கம் ஒரு வீடு, தினமும் காலையில ரெண்டாவது ரிட்டர்னுக்குக் கீழ ஒரு சாண் அகலத்துக்குப் பழுப்புக் கோடு. எனக்கு முன்னாடி மூணு பேரு வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க, மூணு பேரும் பாசின்னு சொல்லி மருந்து ஊத்திட்டுப் போயிட்டாங்க. அந்த வீட்டு அக்கா கடுப்பாகி "தம்பி, நீங்களும் பாட்டிலத் தூக்கிட்டு வந்தா வாசலோட திரும்பிடுங்க"ன்னாங்க. பொம்பளைங்க காலுக்குப் போடுற பழைய நைலான் ஸ்டாக்கிங் ஒண்ணு குடுங்கக்கான்னேன், ஒரு மாதிரி பாத்தாங்க, ஆனா குடுத்தாங்க. அத ரிட்டர்ன் ஓட்டை வாயில மாட்டி ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி ஒரு மணி நேரம் பம்ப ஓட்டுனேன். கழட்டி உள்பக்கத்த வெளிய திருப்புனா ஒரு டீஸ்பூன் மணல், கழுவி வெச்ச மாதிரி பளபளன்னு ஒரே சைஸ்ல. தோட்டத்து மண்ணு அப்படி ஒரே சைஸ்ல இருக்காது. ஃபில்டர் மணல்தான் சலிச்சு வர்றது, பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் கிட்ட இருக்கும்.

நீங்களும் எல்லா ரிட்டர்ன்லயும் ஒரே நேரத்துல மாட்டிப் பாக்கலாம். ஸ்டாக்கிங் சுத்தமா வந்து அடியில மட்டும் அழுக்கு வந்தா ஃபில்டர் மேல பழி போடாதீங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல மாட்டி வெக்காதீங்க, அடைச்சா ப்ரெஷர் ஏறும்.

சரி மணல்தான்னு தெரிஞ்சிருச்சு. அடுத்து?

சாண்ட் ஃபில்டர் டேங்குக்கு அடியில நடுக்குழாய்லேருந்து சக்கரத்து ஆரம் மாதிரி சீப்புப் பல்லு வெட்டுன பிளாஸ்டிக் குழாய்ங்க இருக்கும், லேட்டரல்னு சொல்லுவோம். தண்ணிய விடும், மணல விடாது. அதுல ஒண்ணு விரிசல் விட்டாலே போதும், தினம் ஒரு ஸ்பூன் மணல் பூலுக்கு வந்துக்கிட்டே இருக்கும். அந்தக் கார்டன் வீட்டுல ஒண்ணே ஒண்ணுதான் உடைஞ்சிருந்துச்சு. அதுக்காக மொத்த மணலையும் வெளிய அள்ளணும், 600 மில்லிமீட்டர் டேங்குன்னா 25 கிலோ மூட்டை ஆறு கிட்ட வரும், ஈர மணல் அதுக்கும் மேல கனக்கும், முதுகு போயிரும்.

லேட்டரல் ஏன் உடையுதுன்னா வயசு ஒரு காரணம், நம்ம அவசரம் இன்னொரு காரணம். புது மணல் போடுறப்ப டேங்குல பாதிக்குத் தண்ணி நிரப்பிட்டு மெதுவாக் கொட்டணும், தண்ணி மெத்தை மாதிரி தாங்கிக்கும். நான் வேலைக்கு வந்த புதுசுல காஞ்ச டேங்குல மூட்டையத் தலைகீழா கவுத்து ஒரு செட்டையே உடைச்சவன், அன்னைக்கு ஃபோர்மேன் திட்டுனத இங்க எழுத முடியாது. நடுக்குழாயோட வாயையும் டேப் போட்டு மூடிட்டுக் கொட்டுங்க, இல்லன்னா மணல் நேரா அதுக்குள்ளயே போயிரும், மறுநாள் லேட்டரல் உடைஞ்சிருச்சுன்னு தப்பா நினைச்சு மறுபடி தோண்டுவீங்க.

புது மணல் போட்ட முதல் ரெண்டு மூணு நாளு கொஞ்சம் நைஸ் தூள் வந்தா அது சகஜம். பேக்வாஷ், அதாவது தண்ணிய எதிர்ப்பக்கமா விட்டு மணலக் கழுவுறது, நல்லா ஓட்டுனா நின்னுரும்.

பம்ப் ஆன் பண்ண உடனே ரிட்டர்ன்லேருந்து புகை மாதிரி குபுக்குன்னு வருது, அப்பறம் நின்னுருது. இதுவும் லேட்டரலா?

இது பெரும்பாலும் ரின்ஸ் பண்ணாத கேஸு. பேக்வாஷ் பண்ணுறப்ப தண்ணி கீழேருந்து மேல போயி அழுக்கத் தூக்கி வெளிய தள்ளும். முடிஞ்சதும் கொஞ்சம் அழுக்கு குழாய்லயும் மணலுக்கு அடியிலயும் தங்கிருக்கும், அப்படியே ஃபில்டர்ல போட்டீங்கன்னா அதெல்லாம் நேரா பூலுக்கு. அதுக்குத்தான் வால்வுல ரின்ஸ்னு ஒரு இடம் இருக்கு, முப்பது செகண்டுலேருந்து ஒரு நிமிஷம், அவ்வளவுதான். நான் முதல் வருஷம் ஒரு நாளைக்கு ஏழு எட்டு வீடு ஓடணும்னு ரின்ஸ முழுங்கிட்டே வந்தேன், வாரா வாரம் அதே வீடுங்கள்லேருந்து கம்ப்ளைண்ட், எனக்கு உரைக்கவே ஆறு மாசம் ஆச்சு.

ரின்ஸ் பண்ணியும் புகை வந்தா, ஃபில்டர், பேக்வாஷ், ரின்ஸ்னு மாத்துற அந்த மல்டிபோர்ட் வால்வுக்குள்ள ஆரம் ஆரமா இருக்குற ஸ்பைடர் கேஸ்கட்டப் பாருங்க. அது தேஞ்சாலோ எடத்த விட்டு எழும்பினாலோ அழுக்குத் தண்ணி மணலத் தொடாமலே குறுக்கு வழியில திரும்பப் பூலுக்குப் போயிரும். கேஸ்கட் கெட்டுப்போறதுக்கு முக்கியமான காரணம் பம்ப் ஓடுறப்பவே கைப்பிடியத் திருப்புறது. பம்ப நிறுத்து, கைப்பிடிய அமுக்கு, திருப்பு, அப்பறம் ஆன் பண்ணு. வீட்டுல யாரு அதத் தொட்டாலும் இதச் சொல்லி வைங்க.

தினமும் பேக்வாஷ் பண்ணுனா நல்லதுதானே?

இல்ல. மணல்ல கொஞ்சம் அழுக்கு இருந்தாத்தான் நைஸ் தூசியும் பிடிபடும், தினம் கழுவினா ஃபில்டருக்குப் பிடிமானமே வராது. கழுவின உடனே ஃபில்டர் ப்ரெஷர் கேஜ்ல என்ன காட்டுதுன்னு மார்க்கர்ல எழுதி வெச்சுக்கிட்டு அதுலேருந்து 8, 10 பிஎஸ்ஐ ஏறுனா மட்டும் பண்ணுங்க. அந்தத் தண்ணி ரோட்டோர டிரெயினுக்குப் போகக்கூடாது, கழிவுநீர் லைனுக்குத்தான் போகணும். இங்க டிரெயின் தண்ணி சாக்கடை இல்ல, நாட்டுல மூணுல ரெண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்பு, அந்தத் தண்ணிதான் நீர்த்தேக்கத்துக்குப் போயி நம்ம வீட்டுக் குழாய்லயே திரும்ப வருது.

நிழல் பக்கம் மட்டும் மஞ்சப்பொடி தூவுன மாதிரி. பிரஷ் அடிச்சா உடனே போயிருது, ரெண்டு நாள்ல அதே இடத்துல வந்துருது.

மஸ்டர்ட் பாசி. மண்ணுன்னு நினைச்சு ஏமாறாத ஆளே இல்ல, நானும்தான். மண்ணு எங்க பள்ளமோ அங்க போயி உக்காரும், இது சுவத்துல நின்னுக்கிட்டே இருக்கும், அதே எடத்துக்குத் திரும்பி வரும், அதுதான் வித்தியாசம்.

குளோரின் டெஸ்ட்ல 2 பிபிஎம் (பத்து லட்சத்துல ரெண்டு பங்கு) காட்டுது, அப்பறம் எப்படிப் பாசின்னு கேப்பீங்க. மிதக்குற டப்பாவுல போடுறீங்களே ட்ரைகுளோர் மாத்திரை, அது 10 பிபிஎம் குளோரின் குடுத்தா கூடவே 6 பிபிஎம் ஸ்டெபிலைசரும் விட்டுட்டுப் போகும். குளோரின் செலவாகிரும், ஸ்டெபிலைசர் போகாது, சேந்துக்கிட்டே இருக்கும். 30லேருந்து 50க்குள்ள இருக்குற வரைக்கும் நல்லது, வெயில்லேருந்து குளோரினக் காப்பாத்தும், 100 தாண்டுச்சுன்னா குளோரினக் கட்டிப் போட்ட மாதிரி, டெஸ்ட்ல நம்பர் காட்டும் ஆனா வேலை செய்யாது. கொறைக்க சுலபமான வழி பாதித் தண்ணிய மாத்துறது. முழுசா மட்டும் காலி பண்ணிடாதீங்க, அதுவும் நவம்பர், டிசம்பர் மழையில: தரைக்கு அடியில தண்ணி மட்டம் ஏறியிருக்கும், காலி பூல் தொட்டி படகு மாதிரி மேல தூக்கிரும், சுவரு வெடிச்சிரும்.

அப்பறம் வெயில் இறங்குன பிறகு எல்லாச் சுவத்தையும் பிரஷ் அடிச்சு, பூல் லைட்டக் கரண்ட ஆஃப் பண்ணிட்டு வெளிய இழுத்து அதுக்குப் பின்னாடி குழியிலயும் அடிச்சு, குளோரின ஏத்துங்க. நம்ம 42 கன மீட்டர் பூலுக்கு 10 பிபிஎம் ஏத்த 65 சதவீத கால்சியம் ஹைப்போ பவுடர் 650 கிராம் கிட்ட வேணும், வாளியில தண்ணி வெச்சு அதுல பவுடரப் போடுங்க, பவுடர் மேல தண்ணிய ஊத்தாதீங்க. ட்ரைகுளோர் போட்ட டப்பாவுலயோ கரண்டியிலயோ இந்தப் பவுடர் படவே கூடாது, ரெண்டும் சேந்தா தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். நைட்டு முழுக்க பம்ப் ஓடட்டும். பிரஷ், பிள்ளைங்க மிதவை, நீச்சல் டிரஸ் எல்லாத்தையும் கழுவுங்க, அதுல ஒட்டிக்கிட்டுப் போயி திரும்ப வரும். குளோரின் 3க்குக் கீழ இறங்குற வரைக்கும் யாரும் இறங்க வேணாம்.

வெள்ளையா செதில் செதிலா வருது, முட்டை ஓட்டுத் துண்டு மாதிரி.

உப்புலேருந்து குளோரின் பண்ணுற மிஷின், சால்ட் குளோரினேட்டர், வெச்சிருக்கீங்களா? அப்ப அதுதான். அதுக்குள்ள இருக்குற செல் பிளேட்டுல சுண்ணாம்பு பிடிச்சு, மிஷின் போலாரிட்டி, அதாவது கரண்ட் திசை, மாத்துறப்ப பேத்துக்கிட்டு ரிட்டர்ன் வழியா விழுது. சால்ட் பூல்ல பிஎச் (தண்ணியோட அமில, கார அளவு) தானா ஏறிக்கிட்டே இருக்கும், 7.8 தாண்டாம பாத்துக்கோங்க, செல்லக் கழட்டிப் பாருங்க. செதில் இல்லாம மாவா இருந்து வினிகர்ல நுரைச்சா, கால்சியம் ஹைப்போ பவுடரக் கரைக்காம அப்படியே வீசியிருப்பாங்க. இன்னொண்ணும் இருக்கு, மொசைக் ஓட்டுக்கு நடுவுல இருக்குற கிரவுட் கரைஞ்சும் வரும், அது பிஎச் ரொம்பக் கீழ போன பூல்ல. ஓட்டு இடுக்குல நகத்த வெச்சுக் கீறுங்க, பவுடரா வந்தா தெரிஞ்சிரும்.

மழை பெஞ்சா மட்டும் வருது.

அப்ப பூலுக்குள்ள தேடாதீங்க, வெளிய பாருங்க. குடையப் பிடிச்சுக்கிட்டு மழையிலயே போயி நின்னு பாருங்கன்னுதான் நான் சொல்லுவேன், தண்ணி எந்தப் பக்கத்துலேருந்து வழிஞ்சு உள்ள வருதுன்னு கண்ணுல தெரியும். புக்கிட் தீமா பக்கம் செம்மண்ணு மாதிரி களி, நைஸா இருக்கும், ரெண்டு நாள் ஆனாலும் அடங்காது. கிழக்குப் பக்கம் மணல் கலந்த மண்ணு, சீக்கிரம் படிஞ்சிரும்.

விளிம்புல தண்ணி வழியிற ஓவர்ஃபுளோ பூலா இருந்தா, அந்தத் தண்ணி போயி சேருற பேலன்சிங் டேங்கத் தொறந்து பாருங்க. தரைக்கு அடியில மூடி போட்டு இருக்கும், வீட்டுக்காரங்க பல பேருக்கு அது இருக்குறதே தெரியாது. ஒரு வீட்டுல டார்ச் அடிச்சுப் பாத்தா அடியில நாலு விரக்கடை சேறு, ஃபிராஞ்சிபானி எலை அழுகிக் கெடக்கு. மழை பெஞ்சு டேங்குல தண்ணி வேகமா விழுறப்ப எல்லாம் அது கலங்கி, பம்ப் உறிஞ்சி, பாதி ஃபில்டர்ல நின்னு மீதி பூலுக்கு. பூலுக்குள்ள நூறு தடவ வேக்கம் போட்டாலும் தீராது. சேறை எடுத்து, செடிப் பாத்திக்கும் ஓவர்ஃபுளோ வாய்க்காலுக்கும் நடுவுல ஒரு சாண் உசரத்துக்குக் கட்டை கட்டினோம், அத்தோட சரி. அந்த டேங்குக்குள்ள தனியா எறங்காதீங்க, காத்து சரியில்லாம மயக்கம் வரலாம், மேல ஒரு ஆளு நிக்கணும், முடிஞ்சா சப்மெர்சிபிள் பம்ப விட்டு மேலேருந்தே உறிஞ்சிருங்க.

பக்கத்து வீட்ட இடிச்சுக் கட்டுறாங்க. ஹேஸ் புகைமூட்டம் வேற.

பொறுத்துத்தான் போகணும். ஓடு அறுக்குற நாளுல பூல மூடி வைங்க, ஆனா மூடி மேல மழைத்தண்ணி தேங்காம பாத்துக்கோங்க, கொசு முட்டை போட்டா என்இஏ (தேசிய சுற்றுப்புற வாரியம்) ஆளுங்க வந்து நிப்பாங்க. ஹேஸுக்கு 2013 ஜூன் 21தான் எனக்கு ஞாபகம் இருக்கு, காத்து மாசுக் குறியீடு பிஎஸ்ஐ (கேஜ்ல பாக்குற பிஎஸ்ஐ இல்ல) 401 போன அன்னைக்கு, தண்ணி மேல சாம்பல் ஏடு கட்டி நின்னுச்சு. அந்த மாதிரி நாளுல தண்ணி மேல மிதக்குறத இழுக்குற ஸ்கிம்மர் நல்லா வேலை செய்யணும், அழுக்கு அடிக்கு இறங்குறதுக்கு முன்னாடியே இழுத்துரும். தண்ணி மட்டம் ஸ்கிம்மர் வாயில பாதி இருக்கணும், மேல போனாலும் கீழ போனாலும் இழுக்காது.

ஆலம் போடலாமா?

ஆலம்னா படிகாரம் மாதிரி, நைஸ் தூசிய ஒண்ணாச் சேத்து அடியில படிய வெக்கும். நைஸ் களிமண்ணுக்குப் போடலாம், மத்ததுக்கு வீண். ஒரு கன மீட்டருக்கு 50 கிராம் கணக்கு, நம்ம பூலுக்கு ரெண்டு கிலோ. பிஎச்ச 7.2லேருந்து 7.6க்குள்ள வெச்சுக்கிட்டு, வால்வ ரீசர்குலேட்ல போட்டு, ஃபில்டர்ல இல்ல, கரைச்சு ஊத்தி ரெண்டு மணி நேரம் சுத்த விட்டுட்டு நிறுத்துங்க. ராத்திரி முழுக்க யாரும் தொடக்கூடாது. காலையில அடியில பஞ்சு விரிச்ச மாதிரி படிஞ்சிருக்கும், அத வால்வ வேஸ்ட்ல, அதாவது தண்ணி நேரா வெளிய போற எடத்துல, வெச்சுத்தான் வேக்கம் போடணும், ஃபில்டர் வழியா விட்டா மணல் கட்டி தட்டிப்போயிரும். வேக்கம் தலையக் கோலம் போடுற மாதிரி மெதுவா நகத்தணும், வேகமா இழுத்தா கலங்கிரும், மறுபடி ஒரு ராத்திரி. தண்ணி மூணு சென்டிமீட்டர் இறங்கும், ஆயிரம் லிட்டர் கிட்ட, முதல்லயே நிரப்பி வெச்சுக்கோங்க.

ரோபோ வாங்கினா தீருமா?

எலை, மணல் எடுக்கும். நைஸ் தூசி அதோட பையில ஒரு பக்கம் போயி மறுபக்கம் வந்துரும், நைஸ் ஃபில்டர் தனியாக் கெடைக்குதான்னு கேட்டு வாங்குங்க. காரணம் தீராம ரோபோ வாங்குனா காசுதான் தீரும்.

பம்ப் எத்தனை மணி நேரம்?

மணிக்கு 10 கன மீட்டர் தள்ளுற பம்புன்னா நம்ம பூல் ஒரு சுத்து வர நாலு மணி நேரம் சொச்சம், ரெண்டு சுத்தாவது வேணும், அதனால எட்டு ஒன்பது மணி நேரம். பெரிய பம்ப் போட்டாச் சீக்கிரம் சுத்தமாகும்னு நினைக்காதீங்க. 600 மில்லிமீட்டர் டேங்குல 10 கன மீட்டர் போனாலே மணல் வழியா மணிக்கு 35 மீட்டர் வேகம், அதுக்கு மேல தள்ளுனா நைஸ் அழுக்கையும் சேத்துத் தள்ளிட்டுப் போயிரும்.

அம்மா ஊர்லேருந்து தேத்தாங்கொட்டை கொண்டு வந்திருக்காங்க, பூல்ல போடச் சொல்றாங்க.

நெஜமாவே ஒருத்தர் கேட்டாரு. எங்க அம்மாச்சியும் ஆத்துத் தண்ணி கலங்கலா வந்தா மண்பானை உள்பக்கம் அந்தக் கொட்டையத் தேச்சுட்டுத்தான் தண்ணி ஊத்தும், ஒரு மணி நேரத்துல தெளிஞ்சிரும். ஆலமும் கிட்டத்தட்ட அந்த வேலையத்தான் செய்யுது. ஆனா 42,000 லிட்டருக்கு எத்தனை கொட்டை தேய்ப்பீங்க, தேச்சதும் குளோரினத் தின்னுரும். அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. ஒரு பக்கெட் பூல் தண்ணிய எடுத்துக் குடுத்து அதுல தேக்கச் சொல்லுங்க, அந்த வீட்டுல அப்படித்தான் செஞ்சோம், பக்கெட் தண்ணி பூலுக்கு முன்னாடியே தெளிஞ்சிருச்சு.